சுபாவமும் சந்தர்ப்பமும்

ஒரு மனிதனைப் பற்றிப் பேசும்போது, அவன் செய்த காரியத்தைச் சொல்வதோடு நாம் நின்றுவிடுவதில்லை. அந்தக் காரியத்திலிருந்து அவனுடைய சுபாவத்தை அனுமானித்து, 'அவன் கோபக்காரன்', 'இவள் தாராள மனசுக்காரி', 'அந்தப் பையன் பொய்யன்' என்று ஒரு முத்திரையும் குத்திவிடுகிறோம். இந்த அனுமானத்துக்கு ஆதாரமாக நம் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு நாளில் கண்ட ஒரே ஒரு செய்கைதான் என்றாலும், குத்திய முத்திரை மட்டும் ஆயுசுக்கும் அழிவதில்லை. இவ்வளவு துணிவோடு நாம் செய்யும் இந்த அனுமானம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்ற கேள்வியைச் சென்ற நூற்றாண்டின் மனோதத்துவ அறிஞர்கள் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு தலைமுறைக்கு மேல் தங்களுக்குள் வாதாடினார்கள். மனிதனுடைய நடத்தையைத் தீர்மானிப்பது அவனுக்குள்ளே இருக்கும் சுபாவமா, அவனைச் சூழ்ந்திருக்கும் சந்தர்ப்பமா என்பதே அந்த வழக்கு.

வழக்கின் தொடக்கத்தைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் காணலாம். ஹியூ ஹார்ட்ஷார்ன், மார்க் மே என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1920-களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரின் நேர்மையைப் பரிசோதிக்கப் புகுந்தார்கள். பிள்ளைகளை அழைத்து, 'நீ யோக்கியனா?' என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது யாருக்கும் தெரிந்ததே. ஆகையால், ஏமாற்றுவதற்கு வசதியான சந்தர்ப்பங்களைத் தாங்களே உண்டாக்கி, யார் கண்ணிலும் படமாட்டோம் என்ற தைரியம் பிள்ளைகளுக்கு ஏற்படும்படி செய்து, பிறகு அவர்கள் அறியாமலே கணக்கெடுத்தார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும்படி சொல்லிச் சரியான விடைகளையும் கூடவே கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்து, கண்ணைத் திறந்தால் ஒழியக் கிடைக்க முடியாத மதிப்பெண் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்று பார்த்தார்கள். புதிர்ப் பெட்டியில் சில்லறைக் காசைப் போட்டுக் கொடுத்து, பெட்டி திரும்பி வரும்போது காசு குறைந்திருக்கிறதா என்று எண்ணினார்கள்.

1928 முதல் 1930 வரையில் மூன்று பாகங்களாக வெளிவந்த அந்த ஆராய்ச்சியின் முடிவு, ஒழுக்கப் பாடம் நடத்துவோர் பலரையும் திடுக்கிடச் செய்தது. காசைத் தொடாத பிள்ளை விடைத்தாளில் கைவரிசையைக் காட்டியது; விடைத்தாளில் நேர்மையாக இருந்த பிள்ளை வேறோர் இடத்தில் பொய் சொல்லியது. ஒரு பரிசோதனையில் ஏமாற்றியவன் இன்னொன்றிலும் ஏமாற்றுவான் என்பதற்கு இருந்த தொடர்பு மிகவும் சொற்பமானது. புள்ளிவிவரக்காரர்கள் ஒட்டுறவுக் கெழு என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: இரண்டு விஷயங்கள் முற்றிலும் ஒன்றையொன்று ஒத்துப் போனால் அது 1, சம்பந்தமே இல்லாவிட்டால் 0. ஹார்ட்ஷார்னும் மேயும் கண்டது சராசரி 0.23 தான். நேர்மை என்பது எங்கும் ஒரே விதமாகச் சுடர்விடும் ஒரு குணமன்று, அந்தந்தச் சந்தர்ப்பத்துக்கு என்று தனித்தனியே பழகிக்கொள்ளும் பழக்கங்களின் தொகுதியே என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளாதவர்களில் முதன்மையானவர் ஹார்வர்டு சர்வகலாசாலையின் கார்டன் ஆல்போர்ட். குண ஆராய்ச்சியை ஒரு சாஸ்திரமாக நிலைநிறுத்தியவர் என்று அவரையே சொல்ல வேண்டும். காசை எடுத்த பிள்ளை, தோழர்களுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்து நட்பைச் சம்பாதிப்பதற்காக எடுத்திருக்கலாம்; விடையைப் பார்த்து எழுதிய பிள்ளை, வீட்டில் கிடைக்கப்போகும் அடிக்குப் பயந்து எழுதியிருக்கலாம்; இருவரையும் 'நேர்மையின்மை' என்ற ஒரே தராசில் நிறுத்துவது ஆராய்ச்சியாளரின் சௌகரியமே தவிர, அந்தப் பிள்ளைகளின் சுபாவத்தைக் காட்டும் வழியன்று என்ற போக்கில் அவருடைய வாதம் சென்றது. 1936-இல் அவரும் ஆட்பர்ட் என்பவரும், வெப்ஸ்டர் ஆங்கில அகராதியை முதலிலிருந்து கடைசிவரை சலித்து, ஒரு மனிதனை இன்னொருவனிலிருந்து வேறுபடுத்திச் சொல்ல உதவும் பதங்களைத் திரட்டியபோது 17,953 பதங்கள் தேறின. அவற்றில் நிலையான குணங்களைக் குறிப்பவை மட்டுமே சுமார் 4,500. பின்னால் வந்தவர்கள் இந்தக் குவியலைப் புள்ளிவிவர முறைகளால் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் ஐந்து பெரிய பிரிவுகளில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: புதுமையை வரவேற்கும் மனம், பொறுப்புணர்ச்சி, பிறரோடு கலகலப்பாகப் பழகும் தன்மை, இணக்கம், மனக்கலக்கம். ஃபிராய்டும் யூங்கும் சொன்ன சுபாவ விளக்கங்கள் கதைபோலச் சுவையானவைதாம். ஆனால் அளந்து பார்க்க இடங்கொடாத காரணத்தால், இந்த வழக்கில் அவற்றுக்குச் சாட்சி சொல்லும் தகுதி குறைவு என்பது என் அபிப்பிராயம்.

எதிர்க் கட்சியின் மூல புருஷர் குர்ட் லெவின். பெர்லினில் பேராசிரியராக இருந்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதர் அவர். நடத்தை என்பது மனிதனையும் அவனுடைய சூழ்நிலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டிய ஒன்று என்று ஒரு சிறிய சூத்திரமாகவே அவர் எழுதி வைத்தார். சூத்திரத்தில் இரண்டும் இருந்தன. ஆயினும் அவருக்குப் பின் வந்த சமூக மனோதத்துவ அறிஞர்களைப் பரவசப்படுத்தியது இரண்டாவது பாதியே. ஒரு கோட்டின் நீளத்தைப் பற்றிக் கூட இருப்பவர்கள் எல்லோரும் ஒருமுகமாகத் தப்பான விடை சொன்னால், கண்ணெதிரே தெரியும் உண்மையை விட்டுவிட்டு நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து பொய்யை ஒப்புவிக்கிறார்கள் என்று சாலமன் ஆஷ் 1950-களில் காட்டினார். ஒரே ஒரு துணைவன் உண்மையைச் சொன்னால் போதும், அந்தத் தவறு கால் பங்காகக் குறைந்துவிடும் என்றும் அவரே காட்டினார்.

ஆஷிடம் உதவியாளராக இருந்தவர் ஸ்டான்லி மில்கிராம். அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்தவரோ, குணக் கட்சியின் தலைவரான ஆல்போர்ட்! குருவிடமிருந்து கற்றதைக் கொண்டே குருவின் கட்சியைக் கலங்க வைத்த சீடர் இவர். 1961-இல் யேல் சர்வகலாசாலையில், ஞாபக சக்தியைப் பற்றிய ஆராய்ச்சி என்று விளம்பரம் செய்து, வந்தவர்களுக்கு நாலு டாலரும் பஸ் செலவுக்கு அரை டாலரும் கொடுத்து, அவர்களை ஓர் இயந்திரத்தின் முன்னே உட்கார வைத்தார். அடுத்த அறையில் நாற்காலியில் கட்டப்பட்டிருக்கும் மற்றொருவர் பாடத்தில் தவறும்போதெல்லாம் மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் 15 வோல்ட் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். முப்பதாவது விசையில் 450 வோல்ட். உண்மையில் அடுத்த அறையில் இருந்தவர் முன்னேற்பாட்டின்படி நடித்தவர். மின்சாரம் அவர்மேல் பாயவே இல்லை. 300 வோல்ட்டில் அவர் சுவரை இடிக்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு சீக்கிரமே அந்தச் சத்தமும் ஓய்ந்துவிடும். சாம்பல் நிற மேலங்கி அணிந்த விஞ்ஞானியோ, நிதானமான குரலில், தொடர்ந்து செய்யும்படி சொல்லிக்கொண்டே இருப்பார்.

எத்தனை பேர் கடைசி விசைவரை போவார்கள் என்று மனநோய் மருத்துவர்களைக் கேட்டதற்கு, ஆயிரத்தில் ஒருவர் போகலாம் என்றார்கள். போனவர்கள் 40 பேரில் 26 பேர். அவர்கள் கொடூரர்கள் என்றும் சொல்வதற்கில்லை. வியர்த்து, நடுங்கி, நகத்தால் உள்ளங்கையைக் கீறிக்கொண்டு, காரணமில்லாமல் சிரித்து, ஆனாலும் விசையை அழுத்தினார்கள்.

இந்த 26 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, மனிதர் எல்லோரும் உள்ளுக்குள் கொலையாளிகள் என்று எழுதுகிறவர்கள் மில்கிராமைப் பாதிதான் படித்தவர்கள். அவருடைய உண்மையான சாதனை, சூழ்நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, கீழ்ப்படிதல் ஏறியிறங்குவதை அளந்ததே ஆகும். அடுத்த அறையில் இருந்தவரை ஒரே அறைக்குள் கொண்டுவந்தபோது முழுக்கக் கீழ்ப்படிந்தவர்கள் நூற்றுக்கு 40 ஆனார்கள். அவருடைய கையைப் பிடித்து மின்தகட்டின்மேல் வைக்க வேண்டும் என்றபோது 30. விஞ்ஞானி அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் உத்தரவு போட்டபோது சுமார் 20. கூட உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து மறுத்தபோது 10. ஆட்களின் சுபாவம் மாறவில்லை. அறையின் அமைப்புத்தான் மாறியது. பிற்காலத்தில் அந்தப் பரிசோதனையின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தவர்கள், விஞ்ஞானி பல சமயங்களில் எழுதிக் கொடுத்த வாசகத்தை மீறி வற்புறுத்தினார் என்றும், வந்தவர்களில் சிலர் அதிர்ச்சி பொய் என்று சந்தேகித்தார்கள் என்றும் காட்டியிருக்கிறார்கள். குறைகள் இருக்கட்டும், அவற்றைக் கழித்த பிறகும் மிஞ்சுவது கொஞ்சமல்ல. (1971-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த போலிச் சிறைச்சாலைப் பரிசோதனையைப் பற்றி அவ்வாறு சொல்ல எனக்குத் துணிவில்லை, காவலர்களுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே சாடை காட்டப்பட்டிருந்தது தெரிந்த பிறகு, அதை ஆதாரமாகக் கொள்வது சரியன்று.)

மில்கிராமைவிட என்னை அதிகமாக உறுத்துவது, 1973-இல் டார்லியும் பேட்சனும் வெளியிட்ட ஒரு சிறிய ஆராய்ச்சி. பிரின்ஸ்டன் நகரத்தில் பாதிரிமாராவதற்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை, ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குப் போய்ச் சிறு பிரசங்கம் செய்யும்படி அனுப்பினார்கள். வழியில் ஒரு வாசற்படியில் ஒருவன் குனிந்து சாய்ந்து, இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் கிடந்தான். மாணவர்களில் பாதிப் பேருக்குக் கொடுக்கப்பட்ட பிரசங்க விஷயம், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனுடைய கதை. மற்றவர்களுக்கு உத்தியோக விஷயம். இது ஒரு பக்கம் இருக்க, சிலரிடம் 'நேரமாகிவிட்டது, உனக்காகக் காத்திருக்கிறார்கள்' என்றும், சிலரிடம் 'இப்போது புறப்பட்டால் சரியாக இருக்கும்' என்றும், சிலரிடம் 'இன்னும் நேரம் இருக்கிறது' என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவசரமில்லாதவர்களில் நூற்றுக்கு 63 பேர் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45. மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10. அவரவருடைய பக்தி எப்படிப்பட்டது என்று முன்னரே கேட்டுக் குறித்து வைத்திருந்த விவரத்தைக்கொண்டு, யார் உதவுவார் என்பதைச் சொல்ல முடியவில்லை. பிரசங்க விஷயமும் சொல்லும்படியான வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போகும் அவசரத்தில் அந்த மனிதனைத் தாண்டிக்கொண்டே போனவர்களும் உண்டு.

அங்கே நின்று வேடிக்கை பார்த்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? 'கல் நெஞ்சக்காரன்' என்றிருப்போம். கடிகாரத்தைப் பற்றி நமக்கு எண்ணமே வந்திராது. பிறருடைய செய்கைக்குக் காரணம் தேடும்போது சந்தர்ப்பத்தை விட்டுவிட்டுச் சுபாவத்தையே பிடித்துக்கொள்ளும் இந்தக் கோணலை, லீ ராஸ் என்பவர் 1977-இல் 'அடிப்படையான காரணப் பிழை' என்று பெயரிட்டு அழைத்தார். அவரும் நண்பர்களும் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய வினாவிடைப் போட்டி இதற்கு அழகான உதாரணம். சீட்டுக் குலுக்கி ஒருவரைக் கேள்வி கேட்பவராகவும் மற்றவரைப் பதில் சொல்பவராகவும் எல்லோருடைய கண்ணெதிரிலும் நியமித்தார்கள். கேட்பவர் தமக்குத் தெரிந்த விஷயங்களிலிருந்து கஷ்டமான கேள்விகளைத் தாமே தயாரித்துக்கொள்ளலாம். பதில் சொல்பவர் பல கேள்விகளில் தோற்பது திண்ணம். ஆயினும், போட்டி முடிந்ததும் கேட்டபோது, வேடிக்கை பார்த்தவர்கள் மட்டுமல்ல, தோற்றவரும்கூட, கேள்வி கேட்டவரே அதிக அறிவாளி என்றார். உத்தியோக நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் நாம் காணும் பல ஞானங்கள் இந்த வகையைச் சேர்ந்தவையோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஆகச் சுபாவம் என்று ஒன்று இல்லவே இல்லையா? 1968-இல் வால்டர் மிஷெல் எழுதிய ஒரு புத்தகம் அந்த எல்லைக்குப் போய்விட்டது என்றே பலர் எண்ணினார்கள். வியன்னாவில் பிறந்து, சிறு வயதில் நாஜிகளுக்குத் தப்பி நியூயார்க்குக்கு ஓடிவந்த மிஷெல், அதுவரை வெளிவந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, குண அளவைகளுக்கும் உண்மையான நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு சாதாரணமாக 0.30-ஐத் தாண்டுவதில்லை என்றார். குணக் கட்சிக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். பத்திரிகைகளில் பதினைந்து ஆண்டுக்கு மேல் சண்டை ஓய்ந்தபாடில்லை. இத்தனைக்கும் 0.30 என்பது அலட்சியப்படுத்தத்தக்க அளவன்று. இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் ஊகித்தால் நூற்றில் 50 சரியாகும் இடத்தில், அந்த அளவு ஒட்டுறவு இருந்தால் 65 சரியாகும். வியாபாரிக்கும் வைத்தியருக்கும் இது லேசான லாபமா?

சண்டையைப் பெரிதும் தணித்தவர்கள் ஃபண்டர், ஓசர் என்ற இருவர். 1983-இல் அவர்கள் செய்த காரியம் மிகவும் எளியது. அதை அதுவரை யாரும் ஏன் செய்யவில்லை என்பதே ஆச்சரியம். சந்தர்ப்பத்தின் வல்லமைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டாடப்பட்ட பரிசோதனைகளை, மில்கிராமுடையதும் டார்லியின் பரிசோதனைகளும் உட்பட, எடுத்துக்கொண்டு, அவற்றின் முடிவுகளையும் அதே ஒட்டுறவு அளவில் மாற்றிக் கணக்கிட்டார்கள். விடை 0.36-க்கும் 0.42-க்கும் நடுவே வந்தது. சுபாவத்தைத் தோற்கடித்ததாகச் சொல்லப்பட்ட சந்தர்ப்பமும் ஏறக்குறைய அதே உயரந்தான்!

வேறு இரண்டு வழிகளிலும் வெளிச்சம் வந்தது. ஒரு நாள் பெய்த மழையைக்கொண்டு ஒரு ஜில்லாவின் மழைவளத்தைச் சொல்ல முடியாது. பல ஆண்டு மழையைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் சொல்லலாம். நடத்தையும் அவ்வாறே என்று 1979-இல் சேமூர் எப்ஸ்டீன் காட்டினார். ஒருவனுடைய ஒரு நாள் நடத்தையைக்கொண்டு மற்றொரு நாளை ஊகிக்க முயன்றால் ஏமாற்றந்தான். பல நாள்களின் சராசரியை வேறு பல நாள்களின் சராசரியோடு ஒப்பிட்டால் ஒற்றுமை வியக்கத்தக்க அளவுக்கு உயர்கிறது. மிகவும் கலகலப்பானவன் என்று பெயர் வாங்கியவன்கூட ஒரு நாளில் பல மணி நேரம் வாய் திறவாமல் இருக்கிறான்; கூச்சக்காரனும் சில வேளைகளில் சபையைக் கலக்குகிறான்; ஆனால் இருவருடைய வாரக் கணக்கையும் போட்டுப் பார்த்தால், இந்த வாரமும் அடுத்த வாரமும் அவரவர் சராசரி அவரவரிடமே நிற்கிறது.

இரண்டாவது வெளிச்சத்தைக் கொண்டுவந்தவர், சுபாவத்தின் பகைவர் என்று பெயர் எடுத்த அதே மிஷெல். நியூ ஹாம்ஷயர் மாகாணத்தில் வெடிகோ என்ற கோடைக்கால முகாமில், நடத்தைக் கோளாறுள்ள பிள்ளைகளை ஆறு வாரம், ஒவ்வொரு பிள்ளைக்கும் சராசரி 167 மணி நேரம் என்ற அளவில், அவரும் ஷோடா, ரைட் என்ற சகாக்களும் உற்று நோக்கிக் குறிப்பெடுக்க ஏற்பாடு செய்தார்கள். எத்தனை தடவை சண்டை போட்டான் என்பதை மட்டும் எழுதாமல், எந்தச் சந்தர்ப்பத்தில் போட்டான் என்பதையும் எழுதினார்கள்: தோழன் கேலி செய்தபோதா, தோழன் சிநேகமாக அணுகியபோதா, பெரியவர் பாராட்டியபோதா, எச்சரித்தபோதா, தண்டித்தபோதா? மொத்தத்தில் ஒரே அளவு முரடர்களாகத் தோன்றிய இரண்டு பையன்களில், ஒருவன் பெரியவர்கள் எச்சரிக்கும்போது மட்டும் சீறுகிறான். மற்றவன் சம வயதுப் பிள்ளை நட்போடு நெருங்கி வந்தால் சீறுகிறான். இந்த 'இப்படியானால் அப்படி' என்ற வடிவம் வாரத்துக்கு வாரம் கலையாமல் நிலைத்திருந்தது. முன்னவர்கள் இரைச்சல் என்று கருதிச் சராசரியில் கரைத்துவிட்ட ஏற்றத்தாழ்விலேதான் அந்தப் பிள்ளையின் தனித்தன்மை இருந்தது! 1994-இல் வெளிவந்த இந்த ஆராய்ச்சியை, இந்த நெடிய வழக்கின் தீர்ப்பாகவே நான் மதிக்கிறேன். முதல் பையனிடம் பெரியவர்கள் பேசும் முறையை மாற்ற வேண்டும். இரண்டாமவன் யாரிடம் எப்போது நட்புக்குப் பயப்படக் கற்றான் என்று தேட வேண்டும். இருவருக்கும் 'முரடன்' என்ற ஒரே பட்டத்தைக் கொடுத்து ஒரே தண்டனையை விதிப்பதால் ஒருவனுக்கும் நன்மை இல்லை.

முத்திரை குத்தும் வழக்கம் எல்லா நாட்டிலும் ஒரே அளவில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோன் மில்லர் என்ற அம்மையார் சிகாகோவிலும் நம் அண்டை ஊராகிய மைசூரிலும் ஆராய்ந்து 1984-இல் வெளியிட்ட முடிவின்படி, எட்டு வயதுப் பிள்ளைகள் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே விதமாகவே காரணம் சொல்கிறார்கள்; வயது ஏற ஏற, அமெரிக்கர்கள் சுபாவத்தையும் மைசூர்க்காரர்கள் சந்தர்ப்பத்தையும் அதிகமாகச் சொல்லத் தொடங்குகிறார்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தவன் விழுந்து அடிபட, அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோர்ட்டுக்குப் போய்விட்ட வக்கீலின் கதையைச் சொன்னால், பொறுப்பற்றவர் என்கிறார் அமெரிக்கர். கோர்ட்டில் ஆஜராக வேண்டிய கடமை இருந்ததே, காயம் பலமாகத் தெரியாமல் இருந்திருக்கலாமே என்கிறார் மைசூர்க்காரர்.

இதைப் படித்து நாம் மிகவும் பெருமைப்படுவதற்கில்லை. தனி மனிதன் விஷயத்தில் சந்தர்ப்பத்தைப் பார்க்கத் தெரிந்த இதே நாட்டில்தான், குற்றம் செய்யும் சுபாவம் சில குலங்களுக்குப் பிறப்பிலேயே உண்டு என்று வெள்ளைக்காரன் 1871-இல் எழுதிய சட்டம், 1911-க்குப் பிறகு சென்னை ராஜதானியிலும் புகுந்து, குற்றம் செய்தவன் செய்யாதவன் என்ற பேதமின்றி ஆட்களைப் பட்டியலில் ஏற்றிக் கைரேகை எடுத்தது. அந்த 'ரேகைச் சட்ட'த்தை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீசார் சுட்டார்கள். சட்டம் இந்தியா முழுவதிலும் ஒழிந்தது 1952-இல். பட்டம் இன்னும் சில வாய்களிலிருந்து ஒழியவில்லை.

பள்ளிக்கூடங்களில் மாணவர்களுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதும் ஆசிரியர்களுக்கும், கால்மணி நேரம் பேசிப் பார்த்து வேலைக்கு ஆள் பொறுக்கும் அதிகாரிகளுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஒருவனைப் பற்றி 'நல்லவன்', 'முரடன்', 'சோம்பேறி' என்று எழுதும்போது, எங்கே, யாரிடம், எந்த நிலைமையில் அவ்வாறு நடந்துகொண்டான் என்று கூடவே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுத முடியாத அளவுக்கு அவனைக் கவனித்ததில்லை என்றால், அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.